செத்துக் கரை ஒதுங்கிய ஜெல்லி மீன் எப்படிக் கொட்டுகிறது?

கரையில் செத்துக் கிடந்த ஜெல்லி மீனை மிதித்துவிட்டேன், கால் எரிகிறது, உயிரில்லாதது எப்படிக் கொட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பத்து வயதில் எனக்கும் இது நடந்தது. ராமேஸ்வரம் பக்கம் மணலில் நீல பலூன் மாதிரி ஒன்று பாதி காய்ந்து கிடந்தது. எடுத்தேன். முழங்கை வரை சாட்டையடி பட்டதுபோல் தடித்துவிட்டது. அத்தை பதறிப்போய் குடிதண்ணீரை ஊற்றி, மணலை அள்ளித் தேய்த்தார். எரிச்சல் இன்னும் ஏறியது. அதன் காரணம் படிக்கும் காலத்தில்தான் புரிந்தது.

ஜெல்லி மீனுக்கு மூளையே கிடையாது. அதன் விழுதுகளில் ஆயிரக்கணக்கான கொட்டும் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நுண்ணிய குப்பி, அதற்குள் சுருட்டி வைத்த நஞ்சு இழை. குப்பிக்குள் அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் சுமார் 150 மடங்கு. கார் டயரைவிட அறுபது, எழுபது மடங்கு. செல்லின் முனையில் இருக்கும் மயிர் போன்ற விசையில் ஏதாவது பட்டால் மூடி திறந்து இழை பாய்கிறது. இதே பெரும் பிரிவைச் சேர்ந்த ஹைட்ரா என்ற சின்ன நன்னீர் உயிரியில் அளந்து பார்த்தபோது, ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரத்தில் அந்த முதல் பாய்ச்சல் முடிந்தது. யாரும் உத்தரவிட வேண்டியதில்லை. அதனால் விலங்கு செத்த பிறகும் வெடிக்காத குப்பிகள் காத்துக்கொண்டே இருக்கும். நல்ல தண்ணீர் பட்டாலும், தேய்த்தாலும் மிச்சமிருப்பவை வெடிக்கும். அத்தை அன்பாகச் செய்தது அதைத்தான்.

நான் எடுத்தது போர்த்துகீசியப் போர்க்கப்பல் என்கிற உயிரி. உண்மையில் அது ஜெல்லி மீனே அல்ல, பல உயிரிகள் ஒட்டி வாழும் கூட்டம். அதைத் தின்னும் நீல டிராகன் என்ற சின்னக் கடல் நத்தை, குப்பிகளை வெடிக்காமல் விழுங்கித் தன் உடல் நுனிகளில் சேர்த்து, தன் எதிரிகளைக் கொட்டுகிறது! வேறொரு உடலுக்குள் போயும் அவை வேலை செய்கின்றன என்பது எனக்கு இன்றும் வியப்பு. பவளமும் கடல் சாமந்தியும் இரை பிடிப்பதும் இதே ஆயுதத்தால்தான்.

சரி, உங்கள் கால். கடல் தண்ணீரால் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் இழைகளைச் சின்ன இடுக்கியால் எடுங்கள், வெறுங்கை வேண்டாம். அப்புறம் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள். வினிகர் எல்லா இனத்துக்கும் ஒத்துவராது. மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.