ஜெர்மனியில் கணினி மாஸ்டர்ஸ்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலவழிக் கணினி மேற்படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள், அவர்களுடைய பெற்றோர், கல்லூரி ஆசிரியர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

கோவை, பி.இ. சிஎஸ்இ இறுதியாண்டு: அக்கா, என் சிஜிபிஏ 7.5. ஜெர்மன் கிரேடு 2.5 என்கிறார் ஒருவர், 2.9 என்கிறார் இன்னொருவர். எது சரி?

தம்பி, இரண்டும் வரும். தேர்ச்சிக்கான குறைந்தபட்சப் புள்ளியாக எதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். அதிகபட்சப் புள்ளியிலிருந்து, அதாவது 10-இலிருந்து, உங்கள் புள்ளியைக் கழியுங்கள். அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிப் புள்ளிக்கும் உள்ள இடைவெளியால் அதை வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டுங்கள். தேர்ச்சி 5 என்றால் 2.5 ÷ 5 × 3 + 1, அதாவது 2.5. தேர்ச்சி 6 என்றால் 2.5 ÷ 4 × 3 + 1, அதாவது 2.875. அங்கே 1 தான் உச்சம், 4 கடைசித் தேர்ச்சி. பல துறைகள் 2.5-இல் கோடு போடுவதால் இந்த ஒரு எண்ணிலேயே விண்ணப்பம் நிற்கும் அல்லது விழும்.

அண்ணா பல்கலையின் 2017 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதிமுறையில்) தேர்ச்சியின் கடைசிப் படி 6. 2021 ரெகுலேஷனில் அது 5. நீங்கள் எந்த ரெகுலேஷன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதிகபட்சம் இவ்வளவு, தேர்ச்சிக்கான குறைந்தபட்சம் இவ்வளவு என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் ஒரு கடிதம் வாங்கி இணைத்துவிடுங்கள். அது இல்லையென்றால், மதிப்பீட்டாளர் தனக்குத் தெரிந்த எண்ணைப் போட்டுக் கணக்கை முடித்துவிடுவார்.

திருச்சி, பட்டதாரி: எனக்கு 8.6. ஆனாலும் மூன்று இடத்தில் "பாடத்திட்டப் பொருத்தம் போதாது" என்று நிராகரித்துவிட்டார்கள். சிஎஸ்இ படித்தவனுக்கே பொருத்தமில்லை என்றால் எப்படி?

மதிப்பெண் நன்றாக இருப்பவர்களும் அதிகமாக விழும் இடம் இதுதான். பட்டத்தின் பெயரை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பாடம் பாடமாக எடுத்து எண்ணுகிறார்கள். கணிதத்தில் இத்தனை, கோட்பாட்டுக் கணினியியலில் இத்தனை, நிரலாக்கத்திலும் சிஸ்டம்ஸிலும் இத்தனை ஐரோப்பிய கிரெடிட் என்று ஒவ்வொரு படிப்பின் சேர்க்கை விதிமுறையிலும் எழுதியிருக்கும். ஓர் ஐரோப்பிய கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு, ஓராண்டுக்கு 60. நான்காண்டுப் பட்டத்தை 240 என்று எடுத்துக்கொண்டால், 160-ஐ ஒட்டிக் கிரெடிட் உள்ள நம் பி.இ.யில் ஒரு கிரெடிட் ஏறக்குறைய 1.5 ஆகிறது.

2021 ரெகுலேஷன் சிஎஸ்இ-யை வைத்துப் போட்டுப் பாருங்கள். மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ் 4, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அண்ட் நியூமெரிக்கல் மெத்தட்ஸ் 4, டிஸ்கிரீட் மேத்தமெடிக்ஸ் 4. மொத்தம் 12, அதாவது 18 ஐரோப்பிய கிரெடிட். கணிதத்தில் 20-க்கு மேல் கேட்கும் துறையில் இது இடிக்கும். தியரி ஆஃப் கம்ப்யூடேஷன் 3 கிரெடிட், அதாவது 4.5 மட்டுமே. கோட்பாட்டில் அதிகம் கேட்கும் துறையில் அல்காரிதம்ஸ் பாடத்தையும் அந்தத் தலைப்பின்கீழ் ஏற்கிறார்களா என்று பாருங்கள். இன்ஜினியரிங் கிராபிக்ஸ், பிசிக்ஸ், மேனேஜ்மென்ட் எல்லாம் இந்தக் கணக்கில் வராது. கோர்ஸெரா சான்றிதழும் வராது.

ஆகவே முதலில் ஒரு அட்டவணை போடுங்கள். இடப்பக்கம் அவர்கள் கேட்கும் தலைப்பு, வலப்பக்கம் உங்கள் பாடம், கிரெடிட், வகுப்பு நேரம். அட்டவணையில் ஓட்டை இருக்கும் பல்கலைக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டாதீர்கள்.

சேலம், உதவிப் பேராசிரியர்: ஆண்டுதோறும் பத்துப் பதினைந்து மாணவர்கள் சான்று கேட்டு வருகிறார்கள். துறையின் சார்பில் என்ன தயாராக வைக்கலாம்?

இதை ஒரு துறை செய்தால் பல பிள்ளைகள் பிழைப்பார்கள், சார். பாட விவரக் கையேடு ஒன்றைப் பிடிஎஃப் ஆகத் தயாரித்து, துறைத்தலைவர் கையெழுத்தும் முத்திரையும் போட்டு வையுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் குறியீடு, பெயர், கிரெடிட், யூனிட்வாரியாகத் தலைப்புகள், நூல்கள், மொத்த வகுப்பு நேரம் இருக்க வேண்டும். "3 0 0 3" (விரிவுரை, டுடோரியல், செய்முறை, கிரெடிட்) என்று மட்டும் போட்டால் அங்கே யாருக்கும் புரியாது. "விரிவுரை 45 பீரியட்" என்று விரித்து எழுதுங்கள். பாடத்தின் பெயர் மதிப்பெண் பட்டியலில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். அங்கே சுருக்கமாகவும் இங்கே முழுதாகவும் இருந்தால் இரண்டும் வேறு பாடம் என்று விட்டுவிடுவார்கள்.

பரிந்துரைக் கடிதம் கல்லூரி மின்னஞ்சலிலிருந்து போகட்டும். ஒரே வாசகத்தில் பெயரை மட்டும் மாற்றிப் பத்துப் பேருக்குக் கொடுக்காதீர்கள், அந்தப் பத்தும் ஒரே மேசைக்குப் போய்ச் சேரலாம்.

மதுரை, கன்சல்டன்சி நடத்துபவர்: பிரிட்டன், ஆஸ்திரேலியா போல ஜெர்மன் அரசுப் பல்கலைகளோடு கமிஷன் ஒப்பந்தம் போட முடியுமா?

அரசுப் பல்கலைகள் அப்படிக் கமிஷன் தருவதில்லை. பெரும்பாலான மாநிலங்களில் கல்விக் கட்டணமே கிடையாது, கமிஷன் எங்கிருந்து வரும்? கமிஷன் கிடைப்பது தனியார் நிறுவனங்களில்தான். 'ஜெர்மனி' என்று விசாரிக்க வரும் பிள்ளைகளில் பலர் ஆண்டுக்கு 10,000 யூரோவுக்கு மேல் கட்டும் தனியார் இடத்துக்குத் திருப்பப்படுவதன் காரணம் இதுதான். மாணவரிடம் நேரடியாகக் கட்டணம் வாங்குங்கள், எதற்கு எவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள். விண்ணப்பத்தில் மாணவரின் சொந்த மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் இருக்கட்டும். அலுவலக மின்னஞ்சலைப் போட்டுவிட்டு, 'இந்த ஆவணம் குறைகிறது, ஏழு நாளில் அனுப்பு' என்ற கடிதத்தை யாரும் திறக்காமல் ஓராண்டை இழக்கும் பிள்ளைகள் உண்டு. நோக்க அறிக்கையையும் நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். விசா நேர்காணலில் அதிலிருந்துதான் கேள்வி வரும்.

சென்னை, மாணவி: எந்த வரிசையில் தொடங்க வேண்டும்?

முதலில் ஏபிஎஸ், அதாவது கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் சான்றிதழ். 2022 நவம்பர் 1 முதல் இந்தியாவிலிருந்து மாணவர் விசாவுக்கு அது கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். பல பல்கலைகள் விண்ணப்பத்திலேயே கேட்கின்றன. அடுத்து ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு; பொதுவாக 6.5 போதும். பிறகு யூனி-அசிஸ்ட், அதாவது பல பல்கலைகளுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் அமைப்பு: முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. பணம் போய்ச் சேராமல் கோப்பைத் தொடமாட்டார்கள், அதன் பிறகும் நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். கடைசி நாளில் பதிவேற்றுவது வீண்.

குளிர்காலப் பருவம் அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. 'ஜூலை 15 வரை நேரம் இருக்கிறது' என்று யாராவது சொன்னால் நம்பி உட்கார்ந்துவிடாதே, அம்மா. ஆகன் நகரின் ஆர்டபிள்யூடிஹெச் பல்கலை, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு மார்ச் 1-லேயே கதவை மூடுகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலையில் இன்ஃபர்மேட்டிக்ஸுக்கு மே 31.

ஈரோடு, பி.இ. மெக்கானிக்கல்: இரண்டு வருடம் ஐடி கம்பெனி அனுபவம் இருக்கிறது. எம்எஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா?

அரசுப் பல்கலையில் பொதுவாகக் கிடைக்காது. அனுபவம் கிரெடிட் ஆகாது. கம்ப்யூடேஷனல் இன்ஜினியரிங், மெகட்ரானிக்ஸ் பக்கம் பாருங்கள். உங்கள் கணிதமும் மெக்கானிக்ஸும் அங்கே எண்ணப்படும்.

தஞ்சாவூர், ஒரு தந்தை: கட்டணம் இல்லை என்கிறார்கள். உண்மையில் எவ்வளவு பணம் வேண்டும் மேடம்?

ஐயா, கட்டணம் இல்லாதது எல்லா இடத்திலும் அல்ல. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஃப்ரைபுர்க் உள்ள பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலை 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து மாஸ்டர்ஸுக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. மற்ற பெரும்பாலான இடங்களில் பருவப் பங்களிப்பு மட்டும், அதுவும் சில நூறு யூரோதான்.

பெரிய தொகை முடக்கக் கணக்குக்குத்தான் (பிளாக்டு அக்கவுண்ட்: விசாவுக்காக வாழ்க்கைச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் கணக்கு) போகும். 2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ. அங்கே போனபின் மாதம் 992 வீதம் பையன் கைக்கு வரும். அனுப்புகிற அன்று தூதரகப் பக்கத்தில் தொகையைச் சரிபாருங்கள். வழியில் வங்கிகள் தங்கள் கட்டணத்தைக் கழித்துக்கொள்வதால் சரியாக 11,904 அனுப்பினால் குறைவாகப் போய் விழும், உறுதிச் சான்றும் வராது. 50 முதல் 100 யூரோ கூட்டி அனுப்புங்கள். சொந்தப் பணத்தில் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள், அதை வருமான வரித் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் கல்விக் கடன் என்றால் 2025 ஏப்ரலிலிருந்து டிசிஎஸ் இல்லை.

பகுதிநேர வேலையில் எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்தான் அனுமதி. பல்கலைக்குள்ளேயே மாணவர் உதவியாளராகச் செய்யும் வேலை இந்தக் கணக்கில் சேராது. கணினி மாணவருக்கு அதுதான் நல்ல வழி, ஆனால் முதல் பருவத்திலேயே கிடைக்கும் என்று இருக்க முடியாது.

நாகர்கோவில், மாணவர்: விசா மறுத்துவிட்டார்கள் அக்கா. மேல்முறையீட்டுக் கடிதம் எப்படி எழுதுவது?

தூதரகத்துக்கு எழுதும் மறுபரிசீலனை முறையை 2025 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டார்கள். பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம், அல்லது புதிதாக விண்ணப்பிக்கலாம். பெரும்பாலும் இரண்டாவதுதான் சீக்கிரம் முடியும். மறுப்புக் கடிதத்தில் உள்ள காரணத்தை வரி வரியாகப் படித்து, அதற்கு மட்டும் ஆவணத்தோடு பதில் சேருங்கள். இடைவெளி ஆண்டு காரணமென்றால் சம்பளச் சீட்டும் அனுபவச் சான்றும். இந்தப் படிப்பு ஏன் என்று கேட்டிருந்தால், அந்தப் படிப்பின் எந்தப் பாடங்கள் உங்கள் இளங்கலையின் எந்தப் பாடத்திலிருந்து தொடர்கின்றன என்று பெயர் சொல்லி எழுதுங்கள். சேர்க்கைக் கடிதத்தில் உள்ள கடைசிச் சேர்க்கைத் தேதி தாண்டிவிடுமானால், இன்றைக்கே பல்கலைக்கு எழுதி அடுத்த பருவத்துக்கு மாற்றித் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள். சில இடங்களில் தருவார்கள், சில இடங்களில் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்கச் சொல்வார்கள்.