ஊசி போட்ட நர்ஸ், ஊசி போட்ட பேஷண்ட்

அண்ணே, வணக்கம். நான் குலசேகரம் பக்கம். நர்சிங் முடிச்சுட்டு, வெளிநாட்டு வேலைக்கு எழுதுற இங்கிலீஷ் பரீட்சை ஓஇடிக்கு படிக்கேன். லெட்டர் எழுதும்போது ஹூ, விச், தாட் எல்லாம் ஒரே குழப்பம். 'த டேப்லட் விச் ஐ கேவ் இட்'னு எழுதினா அந்த இட்ட வெட்டி விடுறாங்க, ஏன்னு கேட்டா ரூல்ங்கிறாங்க. கமா எங்க போடணும்னும் புரியல. நீங்களும் தமிழ் மீடியம்னு எழுதியிருந்தீங்க, அதான் கேக்கேன்.
– ஒரு வாசகி

தங்கச்சி, அந்த இட் எங்கேருந்து வருதுன்னு எனக்குத் தெரியும், நானும் காலேஜ் முடிக்கது வரைக்கும் அப்படி எழுதினவன்தான். ஸ்கூல்ல நமக்கு ஹூன்னா யார், விச்னா எதுன்னு சொல்லித் தந்துட்டாங்க. கேள்வி கேக்கதுக்கு அது சரி. ஆனா வாக்கியத்துக்கு நடுவுல வர்ற விச்சையும் அதே மாதிரி எடுத்தா மனசுக்குள்ள 'எந்த மாத்திரைய குடுத்தேனோ அத'ன்னு ஒரு தமிழ் ஓடும், அந்த 'அத'தான் பேப்பர்ல இட்டா வந்து விழுது. இங்கிலீஷ்ல விச்சே அந்த மாத்திரைக்குப் பதிலா வந்தாச்சு, மறுபடி ஒரு இட் தேவையில்ல.

ஆனா வீட்ல யாராவது 'எந்த மாத்திரைய குடுத்தேனோ அத'ன்னு பேசுவோமா? 'நான் குடுத்த மாத்திரை', அவ்வளவுதான். நேத்து வந்த பையன், குளச்சல்ல வாங்கின சாளை, அம்மை அவிச்ச மரச்சீனி, எல்லாமே பெயரெச்சம். மலையாளத்துலயும் 'இன்னலெ வந்ந குட்டி'தான். கால்டுவெல் 1856ல போட்ட ஒப்பிலக்கணத்துலயே, ஹூ, விச் மாதிரி ரிலேட்டிவ் புரோநவுன் செய்யுற வேலைய திராவிட மொழிகள்ல பெயரெச்சம் செய்யுதுன்னு சொல்லியிருக்காரு. இத எட்டாங்கிளாஸ்ல ஒருத்தர் சொல்லித் தந்திருந்தா எத்தனை பிள்ளைங்க பயமில்லாம எழுதியிருக்கும்னு நினைச்சா எனக்கு இன்னைக்கும் வருத்தமா இருக்கு.

அதனால யார், எதுங்கிறத மறந்துட்டு பெயரெச்சத்த திருப்பிப் போடுங்க. நாம சேதிய முதல்ல சொல்லி ஆள பின்னால சொல்லுகோம், இங்கிலீஷ்ல ஆள் முதல்ல, சேதி பின்னால, நடுவுல ஹூ. த பாய் ஹூ கேம் எஸ்டர்டே. பொருள்னா விச். தாட் ஆளுக்கும் ஆகும், பொருளுக்கும் ஆகும்.

இனிதான் கவனமா பாக்கணும். ஊசி போட்ட நர்ஸ், ஊசி போட்ட பேஷண்ட், ஊசி போட்ட கை, ஊசி போட்ட நாள். நாலுலயும் 'ஊசி போட்ட'தான், ஒரு எழுத்து மாறல, ஆனா நர்ஸ் போட்டவங்க, பேஷண்ட் போட்டுக்கிட்டவரு, கை போட்ட இடம், நாள் போட்ட நேரம். இத தமிழ்ல யாரும் சொல்ல வேண்டாம், கேக்கவங்களுக்கே புரிஞ்சுரும். இங்கிலீஷ்ல சொல்லியே ஆகணும். த நர்ஸ் ஹூ கேவ் த இன்ஜெக்‌ஷன், த பேஷண்ட் ஹூ வாஸ் கிவன் த இன்ஜெக்‌ஷன், கைக்கு வேர், நாளுக்கு வென். நம்ம பிள்ளைங்க சறுக்குறது முக்காவாசி இங்கதான், ஹூவா விச்சாங்கிறதுல இல்ல. 'நான் வந்த பஸ்'ஸ 'த பஸ் ஐ கேம் இன்'னு எழுதணும், நாம 'த பஸ் ஐ கேம்'னு எழுதி கடைசில வர்ற அந்த 'இன்'ன விட்டுருவோம், ஏன்னா தமிழ்ல அது வெளிய தெரியாது. ஹூஸும் இப்படித்தான். 'அண்ணன் குவைத்துல இருக்க பையன்'னு சொல்லும்போது யாருக்க அண்ணன்னு நாம சொல்லல, நம்ம ஊர்ல 'அவனுக்க அண்ணன்'னு சொல்லுகோம்ல, அந்த 'க்க'தான் ஹூஸ்.

பேச்சுல பாதி நேரம் ஹூ, விச், தாட் இதுங்கள விட்டுருவாங்க. 'த டேப்லட் ஐ கேவ் ஹெர்' சரி, ஏன்னா டேப்லட்டுக்கு அடுத்தாப்புல செய்யுற ஆளு, அந்த ஐ, நிக்குது. ஆனா 'த பாய் கேம் எஸ்டர்டே இஸ் மை கசின்'னு விட முடியாது. ஹூம் பேச்சுல ரொம்ப குறைஞ்சாச்சு, டு ஹூம், வித் ஹூம்னு வரும்போது மட்டும் போடுங்க.

கமாவுக்கு வாறேன், உங்க வேலைக்கு இது ரொம்ப முக்கியம். 'பெனிசிலின் அலர்ஜி உள்ள பேஷண்டுங்களுக்கு இந்த மருந்து குடுக்காதீங்க'ன்னு எழுதணும்னு வைங்க. பேஷண்ட்ஸுக்கு அப்புறம் கமா இல்லாம ஹூ போட்டா அலர்ஜி உள்ளவங்களுக்கு மட்டும் குடுக்கக் கூடாது. கமா போட்டுட்டா அங்க இருக்க எல்லாருக்குமே அலர்ஜின்னு ஆயிரும். ஆள் யாருன்னு பிரிச்சுக் காட்ட அந்த சேதி வேணும்னா கமா வேண்டாம், ஆள் ஏற்கனவே தெரிஞ்சாச்சு இது கூடுதல் சேதின்னா கமா வேணும். லெட்டர்ல பேஷண்ட் பேர எழுதிட்டு 'ஹூ ஹாஸ் டயபடிஸ்'னு சேக்கும்போது பேரே ஆள காட்டிருச்சு, அதனால ரெண்டு பக்கமும் கமா. அப்படி கமா போட்ட இடத்துல தாட் போடாதீங்க.

இன்னைக்கு ராத்திரி வார்டுல பாத்தத வச்சு பத்து பெயரெச்சம் தமிழ்லயே எழுதுங்க, கட்டு மாத்தின காலு, டிரிப் ஏத்தின பாட்டி, இப்படி. ஒவ்வொண்ணுலயும் யார் செஞ்சா, யாருக்குச் செஞ்சா, எங்கன்னு பாத்துட்டு திருப்பி எழுதி எனக்கு அனுப்புங்க, திருத்தித் தாறேன்.