முக்கோணத்தில் விடுபட்ட பக்கமும் கோணமும்: கேள்வி பதில்

கோலாலம்பூரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகள். பள்ளியில் பெத்துவா சினுஸ், பெத்துவா கோசினுஸ் என்று படிப்பவைதான் இங்கே சைன் விதி, கொசைன் விதி. கோணங்கள் எல்லாம் பாகையில்.

படிவம் 4 மாணவி, செந்தூல்: சார், சைன் விதியா, கொசைன் விதியா என்று எப்படி முடிவு செய்வது? ஏபி = 8 செ.மீ., ஏசி = 11 செ.மீ., கோணம் ஏ = 37°. மீதியெல்லாம் கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். பிசி எனக்கு 2.68 வருகிறது, விடைப் பக்கத்தில் 6.67 என்று இருக்கிறது.

பதில்: ஒரு பக்கமும் அதற்கு நேரெதிர்க் கோணமும் ஜோடியாகத் தெரிகிறதா என்று முதலில் பாரும்மா. ஜோடி இருந்தால் சைன் விதி, இல்லையென்றால் கொசைன் விதி. உன் கணக்கில் கோணம் ஏ தெரியும், அதற்கு எதிரே இருக்கும் பிசி தெரியாது. மற்ற இரண்டு பக்கங்களுக்கும் எதிர்க்கோணம் தெரியாது. ஆகவே கொசைன்:

பிசி² = 8² + 11² − 2 × 8 × 11 × கொசைன் 37°
= 185 − 176 × 0.7986
= 185 − 140.56 = 44.44
பிசி = 6.67 செ.மீ.

உனக்கு 2.68 வந்ததற்குக் காரணம், 185-லிருந்து 176-ஐ முதலில் கழித்துவிட்டு, மிச்சமிருந்த 9-ஐக் கொசைனால் பெருக்கியிருக்கிறாய். 176 கொசைனோடு ஒட்டியது, பெருக்கி முடிக்காமல் அதைத் தொடக் கூடாது. விடைப் பக்கத்தைப் பார்க்காமலே இந்தப் பிழையைப் பிடித்திருக்கலாம்: 8 + 2.68 = 10.68, 11-ஐ எட்டவில்லை. அப்படிப்பட்ட மூன்று கோடுகள் முக்கோணமாக மூடாது.

இனி கோணங்கள். பிசி கிடைத்ததும் ஜோடியும் கிடைத்துவிட்டது, சைன் விதிக்குப் போகலாம்: பக்கத்தை அதன் எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால் மூன்று ஜோடிக்கும் ஒரே விடை. ஆனால் எந்தக் கோணத்தை முதலில் எடுப்பது என்பதில்தான் மதிப்பெண் போகிறது. கோணம் பி-யை எடுத்தால் 11 × சைன் 37° ÷ 6.666 = 0.993. கால்குலேட்டர் 83.2° என்று காட்டும். சரியான விடை 96.8°. இரண்டு கோணங்களுக்கும் சைன் மதிப்பு ஒன்றே, கால்குலேட்டரோ குறுங்கோணத்தை மட்டும்தான் தரும். அதனால் மீதமுள்ள இரு பக்கங்களில் சிறியதற்கு எதிர்க்கோணத்தை முதலில் தேடு. 8-க்கு எதிரே கோணம் சி: 8 × சைன் 37° ÷ 6.666 = 0.722, சி = 46.2°. விரிகோணம் மிகப் பெரிய பக்கத்துக்கு எதிரே மட்டுமே உட்கார முடியும் என்பதால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. பிறகு பி = 180 − 37 − 46.2 = 96.8°.

இடையில் பிசி-யை 6.67 என்று சுருக்கி மறுபடி தட்டாதே. கால்குலேட்டரில் இருக்கும் முழு எண்ணோடு போய், கடைசி வரியில் மட்டும் சுருக்கு.

எஸ்பிஎம் (படிவம் 5 இறுதித் தேர்வு) மாணவர், கெப்போங்: சைன் 30 தட்டினால் −0.988 வருகிறது. சில கணக்குகளில் ‘மேத் எரர்’ வேறு.

பதில்: முதலாவது, கால்குலேட்டர் ரேடியனில் நிற்கிறது. பாகையைப் போல ரேடியன், கிராட் இரண்டும் கோணத்தை அளக்கும் வேறு அலகுகள். பாகைக்கு மாற்றுங்கள் தம்பி. 0.454 வந்தால் கிராடில் நிற்கிறது. தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்ததும் சைன் 30 தட்டி 0.5 வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். ‘மேத் எரர்’ பெரும்பாலும் 1-ஐத் தாண்டிய எண்ணுக்கு எதிர் சைன் (சைன் மதிப்பிலிருந்து கோணம்) கேட்பதால் வருவது. பக்கங்களைத் தலைகீழாக வைத்திருப்பீர்கள், அல்லது அந்த அளவுகளில் முக்கோணமே கிடையாது.

அதே மாணவர்: இரண்டு முக்கோணம் வரும் கணக்கு எது என்று எப்படித் தெரியும்? கோணம் ஏ = 40°, ஏபி = 10, பிசி = 7.

பதில்: சூத்திரத்தை விட்டுவிட்டு வரைந்து பாருங்கள். ஏ-யில் 40° கோணம் போட்டு, ஒரு கரத்தில் 10 செ.மீ. தள்ளி பி-யைக் குறியுங்கள். காம்பஸை 7 செ.மீ.க்கு விரித்து, பி-யில் ஊன்றிச் சுழற்றுங்கள். மற்றக் கரத்தை அது எத்தனை இடத்தில் வெட்டுகிறதோ அத்தனை முக்கோணம். பி-யிலிருந்து அந்தக் கரத்துக்குச் செங்குத்துத் தூரம் 10 × சைன் 40° = 6.43. பிசி இதைவிடக் குறைவானால் கோடு எட்டாது, முக்கோணம் இல்லை. சரியாக 6.43 என்றால் ஒரே ஒரு செங்கோண முக்கோணம். 6.43-க்கும் 10-க்கும் நடுவில் இரண்டு. 10 அல்லது அதற்கு மேல் மறுபடி ஒன்றுதான்.

7 நடுவில் விழுகிறது. சி = 66.7° அல்லது 113.3°, அதற்கேற்ப ஏசி = 10.43 அல்லது 4.89. கேள்வியில் ‘சி விரிகோணம்’ என்றோ படத்திலோ குறிப்பு இருக்கும், அதைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். குறிப்பே இல்லையென்றால் இரண்டையும் எழுத வேண்டும்.

படிவம் 5 மாணவர், கோம்பாக்: பத்துமலை முருகன் சிலையின் உயரத்தைக் கிளினோமீட்டர் (நிமிர்ந்து பார்க்கும் ஏற்றக் கோணத்தை அளக்கும் கருவி) வைத்து அளக்கிறோம். சிலையின் அடிக்கு நடுவரை டேப் பிடிக்க முடியாது. என்ன செய்வது?

பதில்: அடி வரை போகவே வேண்டாம். சிலையை நோக்கிய ஒரே நேர்க்கோட்டில், சமதரையில், இரண்டு இடங்களில் நின்று ஏற்றக் கோணம் பாருங்கள். உதாரணத்துக்கு, தொலைவில் 30°, அங்கிருந்து 22.3 மீட்டர் முன்னால் வந்ததும் 40° என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இடங்களும் சிலையின் உச்சியும் சேர்ந்த மெலிந்த முக்கோணத்தில் உச்சிக் கோணம் 40 − 30 = 10°. அதற்கு எதிரே 22.3 மீட்டர். ஜோடி கிடைத்துவிட்டது.

அருகிலிருந்து உச்சிக்குச் சாய்தூரம் = 22.3 × சைன் 30° ÷ சைன் 10° = 64.2 மீ.
உயரம் = 64.2 × சைன் 40° = 41.3 மீ.

இது உங்கள் கண் மட்டத்துக்கு மேலே உள்ள உயரம்தான். கண் உயரம் 1.5 மீட்டரைச் சேர்த்தால் 42.8. சிலையின் உயரமாகச் சொல்லப்படுவது 42.7 மீட்டர். கண் உயரத்தைச் சேர்க்க மறப்பது இந்தக் கணக்கின் நிரந்தர வியாதி.

கை நடுங்கி 40°-ஐ 39° என்று படித்தால் என்ன ஆகும்? உச்சிக் கோணம் 9° ஆகி, விடை 46.4 மீட்டருக்கு ஏறிவிடும். ஒரே ஒரு பாகைப் பிழைக்கு ஏறக்குறைய மூன்றரை மீட்டர்! 10 என்ற சின்ன எண்ணில் 1 பெரிய பங்கு என்பதே காரணம். இரண்டு இடங்களுக்கும் நடுவே தூரத்தைக் கூட்டி, 25°, 55° போல விலகிய கோணங்களாக எடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் மூன்று பேர் தனித்தனியாகப் படித்துச் சராசரி எடுப்பது நல்லது.

வீட்டுக்காரர், செத்தாப்பாக்: வீட்டுப் பின்புறம் முக்கோணமாக இருக்கிறது. பக்கங்கள் 6.4, 5.2, 3.8 மீட்டர். 60 × 60 செ.மீ. டைல்ஸ் எத்தனை வேண்டும்? ஒரு மூலை செங்கோணம் மாதிரிதான் தெரிகிறது.

பதில்: மூன்று பக்கமும் தெரிந்தால் கோணம் இல்லாமலே பரப்பு வரும், ஹெரான் சூத்திரம். சுற்றளவில் பாதி 7.7. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 1.3, 2.5, 3.9. நான்கையும் பெருக்குங்கள்: 7.7 × 1.3 × 2.5 × 3.9 = 97.6, அதன் வர்க்கமூலம் 9.88 சதுர மீட்டர். ஒரு டைல் 0.36 சதுர மீட்டர் என்பதால் 27.4 டைல். சாய்ந்த ஓரம் முழுக்க வெட்டு விழும் என்பதால் நான் 15 விழுக்காடு கூட்டி 32 வாங்கச் சொல்வேன்.

மூலையைச் சரிபார்ப்போம். 5.2² + 3.8² = 41.48, 6.4² = 40.96. கொசைன் விதிப்படி அந்தக் கோணம் 89.25°. பரப்புக்கு இந்த முக்கால் பாகை ஒரு பொருட்டே இல்லை, செங்கோணம் என்று எடுத்தாலும் 9.88-தான். டைல் வரிசைக்குத்தான் வம்பு: 3.8 மீட்டர் சுவரை ஒட்டித் தொடங்கிச் செங்குத்தாகப் போனால், 5.2 மீட்டர் முடிவில் வரிசை மற்றச் சுவரைவிட்டு 7 செ.மீ. விலகியிருக்கும். ஆனால் நீளப் பக்கம் 6.44 ஆக இருந்தால் அது நிஜமான செங்கோணம். 4 செ.மீ. என்பது டேப் தொய்ந்தாலே வரும் வித்தியாசம், ஆகவே அதை இன்னொரு முறை இழுத்துப் பிடித்து அளந்த பிறகு சிமெண்ட் குழையுங்கள்.

படிவம் 3 மாணவி, பிரிக்பீல்ட்ஸ்: மூன்று கோணமும் தெரியும். பக்கங்களைக் கண்டுபிடிக்கலாமா?

பதில்: முடியாது. விகிதம் மட்டும் கிடைக்கும். ஒரு பக்கமாவது வேண்டும்.

ஒரு வாசகி, அம்பாங்: அப்பாவின் சக்கர நாற்காலிக்கு முன்வாசலில் சாய்தளம் கட்ட வேண்டும். படி 36 செ.மீ. உயரம். 1:12 சரிவுக்கு எவ்வளவு நீளம், எத்தனை பாகை?

பதில்: 36 × 12 = 432, அதாவது தரையில் 4.32 மீட்டர். டேன் மதிப்பு (உயரம் ÷ தரை நீளம்) 1 ÷ 12, கோணம் 4.8°. சாய்ந்த மேற்பரப்பின் நீளம் 4.34 மீட்டர், இரண்டு செ.மீ.தான் கூடுதல். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள் அம்மா: கார் போர்ச் தரை மழைத் தண்ணீர் ஓடுவதற்காக லோங்காங்கை (வடிகாலை) நோக்கிச் சரிந்திருக்கும். 36 செ.மீ. என்பது படியோரத்து அளவு, சாய்தளம் முடியும் இடத்தில் தரை அதைவிடத் தாழ்ந்திருக்கும். தரை 100-க்கு 1 என்று சரிந்தால், ஏற வேண்டிய உயரம் 36-லிருந்து ஏறக்குறைய 41 செ.மீ. ஆகி, 4.32 மீட்டர் போதாது, 4.91 மீட்டர் வேண்டும். நீர்மட்டக் குழாயை வைத்து இரண்டு முனைக்கும் உள்ள உயர வித்தியாசத்தை அளந்த பிறகே கொத்தனாரிடம் நீளம் சொல்லுங்கள்.