பணம் கட்டித் திரும்பினால் கூடை காலி: குக்கீ எங்கே போகிறது?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருந்துகொண்டு பண்ருட்டி முந்திரியை இணையத்தில் விற்கிறோம். தளத்தை பிஎச்பி என்ற நிரல்மொழியில் நானே எழுதினேன். லாகினுக்கு செஷன் (சர்வரில் இருக்கும் பதிவு; அதன் எண் மட்டும் ஒரு குக்கீயில்); கூடையில் உள்ள பொருளின் பெயர், எடை, மொத்தத் தொகை ஆகியவற்றுக்குக் குக்கீ (பிரவுசர் சேமித்து வைத்துத் திருப்பி அனுப்பும் சிறு குறிப்பு). வாடிக்கையாளர் பேமென்ட் கேட்வே (பணம் வசூலித்துத் தரும் வேறு நிறுவனத்தின் தளம்) பக்கத்தில் பணம் கட்டிவிட்டுத் திரும்பும்போது சிலருக்குக் கூடை காலி என்று வருகிறது. ஆர்டர் பதிவாவதில்லை, பணம் மட்டும் பிடித்தமாகியிருக்கிறது. முகப்புப் பக்கத்துக்குப் போனால் கூடை மீண்டும் நிரம்பியிருக்கிறது. ஆனால் லாகின் போனது போனதுதான். நான் சோதித்தால் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக வேலை செய்கிறது. கோளாறு எங்கே?

பதில்: கூடை திரும்பி வருகிறது, லாகின் வருவதில்லை என்று கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. குக்கீ அழியவில்லை. அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் பிரவுசர் அதை அனுப்பவில்லை.

முதலில் எளிய காரணம் ஒன்றை விலக்கிவிடுங்கள். வாடிக்கையாளர் டபிள்யூடபிள்யூடபிள்யூ இல்லாத முகவரியில் உலவியிருக்க, கேட்வேயில் நீங்கள் கொடுத்த திரும்பும் முகவரியில் அது ஒட்டியிருந்தால் பிரவுசருக்கு அவை இரண்டும் வேறு வேறு தளங்கள். டொமைன் குறிப்பிடாமல் ஒன்றில் வைத்த குக்கீ மற்றதற்குப் போகாது. எல்லாரையும் ஒரே முகவரிக்குத் திருப்பிவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் உங்கள் விஷயத்தில் நான் சந்தேகப்படுவது வேறொன்றை.

கேட்வே பக்கத்திலிருந்து வாடிக்கையாளர் உங்கள் தளத்துக்கு வருவது பெரும்பாலும் போஸ்ட் கோரிக்கையாக. அதாவது வேறொரு தளத்தில் சமர்ப்பிக்கப்பட்ட படிவம் உங்கள் சர்வரை வந்தடைகிறது. குரோம் 80ஆம் பதிப்பு 2020இல் வந்ததிலிருந்து, சேம்சைட் என்ற பண்பு (வேறு தளத்திலிருந்து வரும்போது குக்கீயை அனுப்பலாமா என்று சொல்வது) குறிப்பிடப்படாத குக்கீயை குரோம் 'லாக்ஸ்' வகையாகவே கருதுகிறது. வேறு தளத்திலிருந்து சாதாரண இணைப்பைச் சொடுக்கி வந்தால் லாக்ஸ் குக்கீ கூடவே வரும். போஸ்டாக வந்தால் வராது. பிஎச்பி தன் செஷன் குக்கீக்கு இந்தப் பண்பைத் தானாகக் குறிப்பிடுவதில்லை. நீங்களும் குறிப்பிட்டிருக்க மாட்டீர்கள்.

அப்படியென்றால் உங்கள் சோதனையில் மட்டும் ஏன் சரியாக நடக்கிறது? பழைய தளங்கள் உடைந்துபோகக் கூடாதென்று குரோம் ஒரு சலுகை வைத்திருக்கிறது. பண்பு குறிப்பிடாத குக்கீ போடப்பட்டு இரண்டு நிமிடம் ஆகாதிருந்தால், போஸ்டுக்கும் அதை அனுப்பிவிடும். நீங்கள் புதிய சாளரத்தைத் திறக்கிறீர்கள், ஒரு பாக்கெட்டைக் கூடையில் போடுகிறீர்கள், சோதனை அட்டை எண்ணைத் தட்டிவிட்டு ஒரே நிமிடத்தில் திரும்பிவிடுகிறீர்கள். உண்மையான வாடிக்கையாளர் பெரிய பருப்பான டபிள்யூ 240 வாங்கலாமா, சற்றுச் சிறிய 320 போதுமா என்று வீட்டில் கேட்டுவிட்டு, ஓடிபி வரும்வரை காத்திருந்து வருகிறார். அதற்குள் சலுகை முடிந்துவிடுகிறது. ஃபயர்பாக்ஸில் பார்த்தால் இந்தக் கோளாறு தென்படாமலே போகலாம்.

லாகின் ஏன் நிரந்தரமாகப் போகிறது என்பதற்கும் இதுவே காரணம். குக்கீ இல்லாமல் வந்த கோரிக்கையைப் பார்த்ததும் பிஎச்பி, யாரோ புதியவர் என்று எண்ணி, புதிய செஷன் எண்ணைக் கொடுத்து அனுப்புகிறது. பிரவுசர் பழைய எண்ணின்மேல் அதை எழுதிவிடுகிறது. பழைய செஷன் சர்வரில் இருந்தும் அதைத் தேடி வர ஆளில்லை. கூடைக் குக்கீயின்மேல் யாரும் எழுதாததால் அது பிழைத்துக்கொள்கிறது.

இதற்குத் தீர்வாக 'சேம்சைட்டை நன் (None, எங்கிருந்து வந்தாலும் அனுப்பு) என்று வை, செக்யூர் (எச்டிடிபிஎஸ் வழியே மட்டும்) சேர்' என்று பலரும் சொல்வார்கள். வேலை செய்யும். ஆனால் எந்தத் தளத்திலிருந்து வரும் போஸ்டுக்கும் உங்கள் லாகின் குக்கீயைத் திறந்துவிட்டதாகிவிடும். ஒரு பக்கத்துக்காக வீட்டின் எல்லாக் கதவையும் திறப்பானேன்? நான் பரிந்துரைப்பது இதைத்தான்: கேட்வேக்கு அனுப்புவதற்கு முன்பே ஆர்டரை 'பணம் நிலுவை' என்று தரவுத்தளத்தில் எழுதி, அந்த ஆர்டர் எண்ணைக் கேட்வேக்குக் கொடுங்கள். திரும்பி வரும் பக்கத்தில் செஷனைத் தொடங்கவே வேண்டாம். கேட்வே அனுப்பும் கையொப்பத்தை (தகவல் கேட்வேயிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் குறியீடு) சரிபாருங்கள். ஆர்டர் எண்ணை வைத்துத் தரவுத்தளத்தில் அதன் பதிவைத் தேடி, 'பணம் வந்தது' என்று மாற்றுங்கள். பிறகு 303 குறியீட்டுடன் நன்றிப் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். 303 அந்தப் பயணத்தை சாதாரண கெட் கோரிக்கையாக (இணைப்பைச் சொடுக்கி வருவதுபோல) மாற்றிவிடுவதால், லாக்ஸ் குக்கீ நன்றிப் பக்கத்துக்கு வந்துசேரும். லாகினும் அப்படியே இருக்கும்.

கேட்வேயின் சர்வர் உங்கள் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் அறிவிப்பையும் இணைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டியவுடன் போனைப் பையில் போட்டுவிடுபவர்கள் உண்டு. அவர்கள் திரும்பி வருவதே இல்லை.

இனி நீங்கள் கேட்காத விஷயம். எனக்கு அதுதான் அதிகக் கவலை. மொத்தத் தொகையைக் குக்கீயில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எஃப்12ஐ அழுத்தி பிரவுசரின் டெவலப்பர் கருவியைத் திறந்து, 1800 என்று இருப்பதை 18 ஆக்க எவருக்கும் அரை நிமிடம் போதும். அந்தத் தொகையைத்தான் நீங்கள் கேட்வேக்கு அனுப்புகிறீர்கள் என்றால், கடையின் விலைப்பட்டியலை வாடிக்கையாளரே எழுதுகிறார். திருப்பாதிரிப்புலியூர் கோயிலில் செருப்பை விட்டால் டோக்கன் தருவார்கள். அதில் எண் மட்டும்தான் இருக்கும், செருப்பு அவர்களிடம் இருக்கும். குக்கீயும் அந்த அளவோடு நிற்க வேண்டும். நெட்ஸ்கேப்பில் லூ மொண்டூலி 1994இல் குக்கீயை உருவாக்கியபோது, பாதியில் நிற்கும் கொள்முதலை சர்வரில் வைக்காமல் வாங்குபவரின் கணினியிலேயே வைப்பதுதான் நோக்கம் என்பது வேறு கதை. இன்று அப்படிச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

பொருளின் பெயரைத் தமிழில் குக்கீயில் போடுவதிலும் ஓர் இடர் உண்டு. பிஎச்பி அதை ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு % குறியும் இரண்டு குறிகளுமாக மாற்றி எழுதும். 'முந்திரி' என்ற ஒரு சொல் 72 குறிகளாக நீள்கிறது. ஒரு குக்கீக்கு உள்ள இடம் ஏறக்குறைய 4096 பைட். முந்திரி, பலாப்பழ வற்றல், மிளகு முந்திரி என்று ஒருவர் தாராளமாக வாங்கினால், எல்லை தாண்டியதும் பிரவுசர் ஓசையில்லாமல் குக்கீயைத் தூக்கியெறிந்துவிடும். பிழைச் செய்திகூட வராது.

ஆகவே கூடையைத் தரவுத்தளத்துக்கு மாற்றுங்கள். பிஎச்பியின் ரேண்டம் பைட்ஸ் செயற்கூறு கொண்டு உருவாக்கிய, யாரும் ஊகிக்க முடியாத கூடை எண் மட்டும் குக்கீயில் இருக்கட்டும். 30 நாள் ஆயுள் கொடுங்கள். செஷனில் வைக்கலாமே என்று தோன்றும். பிஎச்பியின் இயல்பான அமைப்பில் 1440 நொடி, அதாவது 24 நிமிடம் சும்மா இருந்தாலே செஷன் துடைப்பதற்குத் தகுதியாகிவிடும். நாளை வாங்கலாம் என்று போனவர் வெறுங்கூடையைப் பார்ப்பார். விலையை ஒவ்வொரு முறையும் உங்கள் பட்டியலிலிருந்தே கணக்கிடுங்கள்.

செஷன், கூடை ஆகிய இரண்டு குக்கீகளுக்கும் செக்யூர், எச்டிடிபி ஒன்லி (பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் படிக்க முடியாதபடி), சேம்சைட் லாக்ஸ், பாதை '/' (தளம் முழுவதும்) என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள், பிஎச்பி 7.3 முதல், குக்கீ போடும் செட்குக்கீ செயற்கூறிலேயே சேம்சைட்டைக் கொடுக்கலாம். லாகின் ஆனவுடன் செஷன் எண்ணைப் புதுப்பியுங்கள். வெளியேறும்போது குக்கீயை நீக்க, போட்டபோது கொடுத்த அதே பாதையையும் டொமைனையும் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அது நீங்காது.

மாற்றியதும் குரோமில் சோதியுங்கள். கூடையில் பொருளைப் போட்டுவிட்டு ஒரு தேநீர் குடித்து வாருங்கள். ஐந்து நிமிடம் கழிந்த பிறகு பணம் கட்டுங்கள்.