1977 கார்வெட்: ஸ்மாக் செக்கில் தேறுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே செவர்லேயின் கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் மீது ஆசை. ஓஹையோவில் 1977 மாடல் ஒன்று 14,500 டாலருக்கு வருகிறது. போட்டோவில் பளபளவென்று இருக்கிறது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை முன்பே யாரோ கழற்றிவிட்டார்களாம். வாங்கி, வீட்டு கராஜிலேயே வைத்து நானே சரிசெய்து, புது கேம்ஷாஃப்ட் (இஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு), ஹெடர் பைப் (இஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்) எல்லாம் போட்டுக் கொஞ்சம் வேகம் கூட்டலாம் என்று எண்ணம். நடுவில் நின்று முடித்துத் தருகிறவர் நம் தமிழர்தான். வாட்ஸ்அப் குழுவில் பழக்கம், எல்லோரும் 'அண்ணா' என்போம். "பழைய வண்டிக்கு ஸ்மாக் கிடையாது தம்பி, ஹிஸ்டாரிகல் பிளேட் வாங்கிடலாம். அதுவும் ஆகலைன்னா மொன்டானா நம்பர் போட்டுத் தர்றேன்" என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். 1977 காருக்கு ஸ்மாக் செக், அதாவது புகைப் பரிசோதனை, உண்டு. பழைய கார்களுக்குத் தரும் ஹிஸ்டாரிகல் நம்பர் பிளேட் மாட்டினாலும் உண்டு. அந்த பிளேட் பதிவுக் கட்டணத்தைக் குறைக்கும், புகைப் பரிசோதனையைத் தள்ளுபடி செய்யாது. 'பழைய வண்டிக்குக் கிடையாது' என்பது பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

கலிஃபோர்னியாவில் கோடு 1975-இல் நிற்கிறது. 1975 மாடலும் அதற்கு முந்தியவையும் என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் பரிசோதனை இல்லை. 1976 முதல் உண்டு. முன்பு முப்பது வயது தாண்டிய கார் தானாகவே விலக்குப் பெறும், ஆண்டுக்கு ஒரு மாடல் வெளியே வரும் என்ற ஏற்பாடு இருந்தது. 2004-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து அதை அப்படியே உறைய வைத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்டவர் ஆளுநர் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர், ஹம்மர் வண்டிகள் மீது மோகம் கொண்டவர்! ஆகவே 1975 கார்வெட் கவலையில்லாமல் ஓடுகிறது. அதே செயின்ட் லூயிஸ் தொழிற்சாலையில், அதே 5.7 லிட்டர் இஞ்சினோடு, இரண்டே வருடம் கழித்து வந்த உங்கள் கார் வரிசையில் நிற்க வேண்டும். மாநிலம் முழுக்க எத்தனை 77 கார்வெட் ஓடிக் காற்று கெட்டுவிடப் போகிறதோ தெரியவில்லை. கேட்டால் சட்டம் என்பார்கள். போகட்டும்.

பரிசோதனையில் நடப்பது இதுதான். முதலில் பானெட்டைத் திறந்து கண்ணால் பார்ப்பார்கள். கேட்டலிடிக் கன்வர்ட்டர், புகையில் கொஞ்சத்தை இஞ்சினுக்கே திருப்பிவிடும் ஈஜிஆர் வால்வு, பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பா, இஞ்சினுக்குள் சேரும் வாயுவைத் திரும்ப எரிக்க அனுப்பும் பிசிவி வால்வு என்று அந்தக் காரோடு தொழிற்சாலையில் வந்தது எல்லாம் இருக்கிறதா, ரப்பர் குழாய்கள் அதனதன் இடத்தில் சேர்ந்திருக்கின்றனவா என்று சரிபார்ப்பார்கள். ஒன்று குறைந்தாலும் ஃபெயில். வெளிவரும் புகை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஃபெயில்தான். அதன் பிறகு உங்கள் பகுதியில் காரை உருளைமேல் ஏற்றி 15 மைல் வேகத்திலும் 25 மைல் வேகத்திலும் ஓடவிட்டுப் புகையை அளப்பார்கள். புதிதாக மாட்டும் ஹெடர் பைப், இன்டேக் (இஞ்சினுக்குக் காற்று போகும் பாகம்) எதுவானாலும் கலிஃபோர்னியாவின் காற்று வாரியம் கொடுத்த ஒப்புதல் எண் அதற்கு இருக்க வேண்டும். கடைக்காரர் '50 மாநிலத்துக்கும் சரி' என்று வாயால் சொன்னால் போதாது, எண்ணைக் கேளுங்கள். புது கன்வர்ட்டருக்கும் இதே கதைதான். வேறு மாநிலத்தில் பாதி விலைக்குக் கிடைப்பது இங்கே செல்லாது.

கேம்ஷாஃப்ட் விஷயத்தில் என் கருத்து: 77-இல் வேண்டாம். வேகத்துக்கான கேம் போட்டால் வால்வுகள் கூடுதல் நேரம் திறந்திருக்கும், எரியாத பெட்ரோல் கொஞ்சம் அப்படியே வெளியே போகும். அளவுமானியில் முதலில் ஏறுவது அந்த எண்தான்.

வேகம்தான் முக்கியம் என்றால் வேறு ஒரு யோசனை. 1974 மாடல் தேடுங்கள். கன்வர்ட்டர் வராத கடைசி கார்வெட் அது. சாதாரண இஞ்சினே 195 குதிரைசக்தி. 1975-இல் கன்வர்ட்டர் வந்தவுடன் 165-க்கு விழுந்தது, உங்கள் 77-இல் 180. விலை கொஞ்சம் கூடத்தான் கேட்பார்கள், ஆனால் ஸ்மாக் ஸ்டேஷன் பக்கமே போக வேண்டாம். இல்லை, 77-தான் வேண்டும் என்றால், வாங்குவதற்கு முன்பே கன்வர்ட்டருக்கும் கழற்றிய மற்ற சாமான்களுக்கும் ஆகும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். பானெட்டுக்குக் கீழே ஒட்டியிருக்கும் புகைக்கட்டுப்பாட்டு ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தக் காரில் என்னென்ன இருந்தது என்பது அதில் இருக்கும். வெளிமாநிலத்துக்காகச் செய்த கார் என்று பயப்பட வேண்டாம். 7,500 மைல் தாண்டிய பழைய காருக்கு அந்தத் தடை இல்லை.

இனி ஒரு விதிவிலக்கு. இதை விரிவாகவே சொல்கிறேன். பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் அரைகுறையாகச் சொல்லிக் குழப்புகிறார்கள். கார் 35 வயது தாண்டியிருந்து, அதைச் சேகரிப்புக் கார் என்றே இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால், கண்ணால் பார்க்கும் பரிசோதனையின் பெரும்பகுதியிலிருந்து விலக்கு உண்டு. சாதாரண ஸ்மாக் ஸ்டேஷனில் இது நடக்காது. 'ரெஃபரி' என்ற அரசுப் பரிசோதகரிடம் முன்பதிவு செய்துகொண்டு போக வேண்டும், பெரும்பாலும் ஒரு கம்யூனிட்டி காலேஜ் வளாகத்தில் இருப்பார். அவர் மூன்று விஷயம் பார்ப்பார்: குழாயிலிருந்து வரும் புகை 1977 மாடலுக்கு உரிய அளவுக்குள் இருக்கிறதா, பெட்ரோல் டேங்க் மூடி இறுக்கமாக இருக்கிறதா, எங்காவது பெட்ரோல் கசிகிறதா. மூன்றும் சரியென்றால் சான்று.

இதில் நம்மவர்கள் மூன்று இடத்தில் சறுக்குகிறார்கள். முதலாவது, புகை அளவு இதிலும் உண்டு. கண்ணால் பார்க்கவில்லை என்பதற்காகக் கன்வர்ட்டர் இல்லாமல் போனால் அளவுமானி காட்டிக்கொடுக்கும். இரண்டாவது, இன்ஷூரன்ஸ். இப்போது ஓட்டும் டொயோட்டாவோடு சேர்த்து எடுத்த சாதாரண பாலிசி செல்லாது. சேகரிப்புக் காருக்கான பாலிசி தருபவர்கள், தினசரி ஓட்ட வேறு கார் இருக்கிறதா, பூட்டிய கராஜ் இருக்கிறதா என்றெல்லாம் கேட்பார்கள். மூன்றாவதுதான் முக்கியம். சட்டத்தில் சேகரிப்புக் கார் என்றால் கண்காட்சி, ஊர்வலம், தர்ம காரியம், பராமரிப்பு இவற்றுக்காக வைத்திருப்பது, முக்கியமாகப் போக்குவரத்துக்காக அல்ல. ஞாயிறு காலை மலைப்பாதையில் ஒரு சுற்றுப் போய்வந்தால் யாரும் துரத்தப்போவதில்லை. தினமும் ஆபீஸ் பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு, இது சேகரிப்புக் கார் என்று கையெழுத்துப் போட்டால் அது பொய்க் கையெழுத்து. விபத்து நடந்த அன்று இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் அதுவாகத்தான் இருக்கும்.

மொன்டானா சங்கதிக்கு வருவோம். அங்கே விற்பனை வரி கிடையாது. உங்கள் பேரில் ஒரு எல்எல்சி கம்பெனி தொடங்கி, காரை அந்தக் கம்பெனியின் சொத்தாகப் பதிந்து, பிளேட்டைத் தபாலில் அனுப்புவார்கள். நீங்கள் ஃப்ரீமாண்டில் குடியிருந்து, காரையும் ஃப்ரீமாண்டில் நிறுத்தினால், கலிஃபோர்னியாவுக்குக் கொடுக்க வேண்டிய வரியை ஏய்த்ததாகத்தான் அர்த்தம். அண்ணாவுக்கு ஃபீஸ் வந்துவிடும், நோட்டீஸ் உங்களுக்கு வரும்.

அந்த அண்ணாவைப் பற்றி இன்னும் ஒன்று. கெட்டவர் என்று சொல்லவில்லை. ஆனால் தமிழ் பேசுகிறவர் என்பதற்காக டைட்டிலை (காரின் உரிமைப் பத்திரத்தை) பார்க்காமல் பணம் அனுப்புகிற வழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. டைட்டிலில் விற்பவராக யார் பெயர் இருக்கிறது? ஓஹையோவில் உள்ள உரிமையாளர் பெயரா, அண்ணாவின் பெயரா? பழைய உரிமையாளர் கையெழுத்துப் போட்டு, வாங்குபவர் இடம் காலியாக இருந்தால் உடனே விலகுங்கள். வண்டியை வாங்கித் தன் பெயருக்கு மாற்றாமல், வரியும் கட்டாமல், அடுத்த தலையில் கட்டுகிறவர்களின் வேலை அது. ஓஹையோவில் இது இன்னும் தெளிவு: அங்கே விற்பவர் நோட்டரி முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு முன்பே வாங்குபவர் பெயரும் விலையும் எழுதியிருக்க வேண்டும். காலி டைட்டிலில் நோட்டரி முத்திரை இருந்தால் யாரோ விதியை மீறியிருக்கிறார்கள். நம் ஊர் டிஎம்வி (வாகனப் பதிவு அலுவலகம்) கவுண்டரில் இதை விளக்கிக் கொண்டிருக்க உங்களுக்குப் பொறுமை இருக்காது. அவர்களுக்கு நிச்சயம் இருக்காது. டோக்கன் எடுத்து ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, 'இந்த ஃபாரம் இல்லையே' என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவார்கள்.

வின் நம்பரையும் (காரின் அடையாள எண்) வாங்கிக்கொள்ளுங்கள். 1981-க்கு முன் அது 17 இலக்கம் இல்லை, 13தான். குறைகிறதே என்று பதற வேண்டாம். 77-இல் ஐந்தாவது இடத்தில் எல் இருந்தால் சாதாரண இஞ்சின், எக்ஸ் இருந்தால் 210 குதிரைசக்தி எல்-82. விளம்பரத்தில் எல்-82 என்று போட்டு, நம்பரில் எல் இருந்தால் மேற்கொண்டு பேசாதீர்கள்.

காரைக் கொண்டுவருவதிலும் தரகர் உண்டு. லாரி வைத்திருப்பவர் வேறு, லாரி பிடித்துத் தருபவர் வேறு. எல்லோரையும்விடக் குறைத்துச் சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டு, ஏற்றும் நாளில் 'இந்த ரேட்டுக்கு டிரைவர் வரமாட்டேங்கிறார்' என்று ஐந்நூறு டாலர் கூட்டுவது இவர்களின் பழைய வித்தை. ஏற்றும் நிறுவனத்தின் பெயர், உரிம எண், இன்ஷூரன்ஸ் சான்று மூன்றும் கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இதெல்லாம் சரியாக வந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது துரு. ஓஹையோவில் குளிர்காலச் சாலையெல்லாம் உப்பு. கார்வெட்டின் உடம்பு ஃபைபர் கிளாஸ், அது துருப்பிடிக்காது. அதனால்தான் போட்டோவில் பளபளக்கிறது. உள்ளே இருக்கும் ஃப்ரேமும், கண்ணாடியையும் கதவையும் தாங்கும் கூடும் எஃகு. கதவுக்குப் பின்னால், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், ஃப்ரேம் மேல்நோக்கி வளையும் இடத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. சத்தம் செத்து விழுந்தால், கரையான் தின்ற நிலைக்கதவு மாதிரி வெளியே பெயின்ட் மட்டும்தான் மிச்சம். ஃப்ரேம் பெட்டி வடிவம் என்பதால் உள்ளிருந்தே அரிக்கும். அடுத்து, கதவைத் திறந்து, கால் வைக்கும் இடத்தில் பக்கவாட்டுப் பலகையைக் கழற்றி டார்ச் அடிக்க வேண்டும். முன்கண்ணாடி ஓரத்தில் இறங்கும் மழைநீர் அந்தத் தூணுக்குள் வழிந்து அங்கேதான் தங்கும். செதில் செதிலாகத் துரு கொட்டிக் கிடந்தால், காரின் உடம்பை ஃப்ரேமிலிருந்து தூக்கி இறக்கும் வேலை. வீட்டு கராஜில் ஆகாது. விற்பவர் 'அதெல்லாம் கழற்ற மாட்டேன்' என்றால், அங்கேயே உள்ள ஒரு மெக்கானிக்கைக் கூலி கொடுத்து அனுப்புங்கள். அண்ணா சிபாரிசு செய்யும் மெக்கானிக் வேண்டாம்.

வண்டி வீட்டுக்கு வந்த பிறகு பெயின்டில் இறங்காதீர்கள். முதல் வேலை பிரேக். நான்கு சக்கரத்திலும் டிஸ்க், டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு காலிப்பரிலும் நான்கு பிஸ்டன். பிஸ்டன் ஓடும் துளையின் உள்சுவர் துருவில் குழிந்து பிரேக் ஆயில் கசிவது இந்தக் காரின் பரம்பரை நோய். ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட்டுப் புதுப்பித்த காலிப்பர்கள் கிடைக்கின்றன, வாங்கி நீங்களே மாட்டலாம். ரோட்டாரை, அதாவது சுழலும் டிஸ்கை, மட்டும் அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். தொழிற்சாலையில் அதைச் சக்கரத்தின் தண்டான ஸ்பிண்டிலோடு ரிவெட் அடித்து, இரண்டையும் சேர்த்தே கடைந்தார்கள். ரிவெட்டைத் துளைத்தெடுத்துப் புது ரோட்டாரை வெறுமனே மாட்டினால், கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் வரும். அது ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டனை உள்ளும் புறமும் அசைத்து, சீல் ஓரமாகக் காற்றை இழுக்கும். பெடல் மெல்ல மெல்லத் தரையைத் தொடும், பிரேக் குழாயிலிருந்து எத்தனை முறை காற்று எடுத்தாலும் திரும்பத் திரும்ப வரும். ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்கு மேல் ஆடினால் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துச் சரிசெய்ய வேண்டும். அந்த ஒரு வேலையையும் பின்சக்கர பேரிங்கையும் கார்வெட் மட்டுமே பார்க்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பேரிங்கை அழுத்திக் கழற்றி மாட்டத் தனிக் கருவி வேண்டும், ஒருமுறை வேலைக்காக அதை வாங்குவது வீண்.