லாப்ரடாரையும் பூனையையும் காரில் எப்படிக் கட்டிக் கூட்டிப்போவது?

25 கிலோ லாப்ரடார், ஒரு பூனை, சின்ன ஹேட்ச்பேக். பின் சீட்டில் காலரோடு சங்கிலியைக் கட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. சடன் பிரேக் போட்டால் மொத்த இழுப்பும் கழுத்தில்தான் விழும். 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதி அரை மீட்டருக்குள் நின்றால், அந்த நாயைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 500 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். கழுத்து தாங்காது, நெஞ்சுதான் தாங்கும்.

ஆகவே உடம்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸ், அதிலும் நெஞ்சுப் பட்டை அகலமானதாக வாங்குங்கள். வாக்கிங்குக்கு விற்கும் ஹார்னஸ்களில் பெரும்பாலும் பிளாஸ்டிக் பக்கிள்தான், மோதலில் முதலில் தெறிப்பது அதுதான். அமெரிக்காவின் சென்டர் ஃபார் பெட் சேஃப்டி மோதல் சோதனை செய்து சான்று தந்த மாடல் கிடைத்தால் விலை பார்க்காதீர்கள். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் தளர்வு கூடாது.

எதில் மாட்டுவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சீட் பெல்ட் பக்கிளில் செருகும் குட்டிப் பட்டை மலிவுதான், ஆனால் நாய் அந்தச் சிவப்பு பட்டனை மிதித்தால் கழன்றுவிடும். ஹெட்ரெஸ்ட்டில் மாட்டுவது அதைவிட மோசம்: பலமாக இழுத்தால் ஹெட்ரெஸ்ட்டே பிடுங்கிக்கொண்டு வரும். சீட் பெல்ட்டை ஹார்னஸின் முதுகு வளையத்துக்குள் விட்டு மாட்டலாம். ஆனால் பெல்ட் நீண்டு கொடுக்கும், துறுதுறு நாய் இரண்டு சுற்று சுற்றினால் காலில் சிக்கும். சீட் இடுக்கில் ஐசோஃபிக்ஸ் கம்பி (குழந்தை சீட்டை மாட்டுவதற்காக வண்டியோடு பொருத்தியிருக்கும் இரும்பு வளையம்) இருந்தால், இரும்புக் கொக்கி வைத்த பட்டையால் ஹார்னஸை அதில் மாட்டுவதே என் தேர்வு. பட்டை நீளம் உட்காரவும் படுக்கவும் மட்டும் போதும், முன் சீட்டுகளுக்கு நடுவே மூக்கு வரக் கூடாது. ரப்பர் போல நீளும் பட்டை வேண்டவே வேண்டாம், மோதும்போது அதுவும் நீண்டு நாயை முன் சீட்டில் கொண்டுபோய் அடிக்கும்.

பூனைக்குக் கெட்டியான கேரியர். முன் சீட்டுக்குப் பின்னால் தரையில் வைத்து, ஆடாதபடி சீட்டைப் பின்னுக்குத் தள்ளி இறுக்குங்கள். சீட்டில் வைத்து மேலே பெல்ட் போட்டால், மோதலில் அந்தப் பெல்ட்டே பெட்டியை நசுக்கும். சோதனை செய்த கேரியர் என்றால் மட்டும் அது சரி.

முன் சீட் இரண்டுக்குமே கூடாது, ஏர்பேக் அடித்தால் பிழைப்பது கஷ்டம். மடியில் வைத்து ஓட்டுவது ஆபத்து மட்டுமல்ல. ஓட்டுநரின் கட்டுப்பாட்டுக்கு இடைஞ்சலாக எதையும் வைக்கக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 125-வது பிரிவு. பவர் விண்டோ லாக்கையும் போட்டுவிடுங்கள், நாய்க் கால் அந்த பட்டனையும் விட்டுவைக்காது.

டீக்கு நிறுத்தினால் கதவைச் சட்டென்று திறக்காதீர்கள். உள்ளே இருந்தபடியே கைக்கயிற்றை மாட்டி, கயிறு கையில் இருக்கும்போது ஐசோஃபிக்ஸ் கொக்கியைக் கழற்றி, அப்புறம் கதவு. நெடுஞ்சாலையில் நாய் தப்பி ஓடுவது பெரும்பாலும் இந்தச் சில நொடிகளில்தான்.