ஜெபம் வராத நாட்கள்: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் காட்பாடிப் பெண். நர்சிங் முடித்துவிட்டு ஜார்க்கண்டில் ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் ஊழியம் செய்தேன். இரண்டு முறை மலேரியா வந்தது. பிரசவ வலியோடு கட்டிலில் தூக்கி வந்த ஒரு பெண் ஆஸ்பத்திரி வாசலிலேயே இறந்துபோனாள். அதற்கப்புறம் எனக்கு ஜெபம் வரவில்லை. ராத்திரி பிரசவ டிரேயைக் கொதிக்க வைத்து, அடுக்கி, துணி போட்டு மூடிவிட்டுப் படுத்துவிடுவேன். இப்போது ஓய்வுக்காக வீட்டில் இருக்கிறேன். ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும்படி போதகர் கேட்கிறார். பாடுகளில் விசுவாசம் பெலப்பட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லையே. நான் ஊழியத்துக்கு லாயக்கில்லாதவளா?

ஜெ.

அன்புள்ள ஜெ.,

முதலில் உடம்பைக் கவனியுங்கள். வந்தது வைவாக்ஸ் மலேரியா என்றால் கிருமி கல்லீரலில் பதுங்கியிருந்து மாதக்கணக்கு கழித்தும் திரும்பும். நர்சுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுப்பவர்கள்தான் அந்தக் கல்லீரல் கிருமியைக் கொல்லும் தங்கள் பிரைமாகுயின் மாத்திரையைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். முழுசாக முடித்தீர்களா?

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, 'போதும் கர்த்தாவே' என்று சாவைக் கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டார், மறுபடி தூங்கினார், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தார்கள். ஓரேப் மலைக்குப் போனது அதற்குப் பிறகுதான். நீங்கள் இப்போது அந்தச் செடியின் கீழ் இருக்கிறீர்கள். சாப்பிடுங்கள், தூங்குங்கள்.

இறந்துபோன அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் விசுவாசத்தைப் பெலப்படுத்துவதற்காக அவள் சாகவில்லை. அவள் சாவை ஒரு சாட்சியின் நடுப்பகுதியாக்க உங்களுக்கு மனம் வரவில்லை என்றால், அந்தத் தயக்கம் நல்ல தயக்கம். நம் ராணிப்பேட்டையில் 1870ல் பிறந்த ஐடா ஸ்கடர் மிஷனரியாகவே கூடாது என்றிருந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவரான அவர் அப்பாவை உள்ளே விடமாட்டோம் என்றதால் மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900ல் திரும்பினார். சில மாதங்களிலேயே அந்த அப்பாவும் இறந்துவிட்டார். 1902ல் வேலூரில் 40 படுக்கை ஆஸ்பத்திரி, 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அந்த இரவு அவரிடம் வேலையாக மாறியது. அடுத்து வருகிற பெண் சாகக்கூடாது என்கிற வேலை.

விசுவாசம் பெலப்படுவதற்கும் காலம் பிடிக்கிறது. ரோமர் 5ஐ நாம் வேகமாகச் சொல்லிவிடுகிறோம். பவுல் உபத்திரவத்திலிருந்து நேரே நம்பிக்கைக்குத் தாவவில்லை. நடுவில் பொறுமையையும் பரீட்சையையும் வைக்கிறார். அந்த நடுப்பகுதியிலேயே பலருக்குப் பாதி ஆயுள் போய்விடுகிறது. கொல்லிமலையில் ஊழியம் செய்த எவலின் பிராண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1929ல் கணவர் ஜெஸ்ஸி மலேரியாவால் வரும் கொடிய சிக்கலான கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். பிள்ளைகள் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். சாவுச் செய்தி தந்தியில் போய்ச் சேர்ந்த பிறகும், அப்பா எழுதிய கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டே இருந்தனவாம். அந்தத் துக்கத்தை எந்த வசனம் சொல்லி ஆற்றுவது? எவலின் மறுபடி ஊழியத்துக்கு வந்தார். மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் தன் பொறுப்பில் மலைக்குப் போனார். 1974ல், 90 வயதைத் தாண்டி இறக்கும்வரை நின்றார். கடிதங்களுக்காகக் காத்திருந்த மகன் பால் பிராண்ட், 1946ல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிய கைகளை அறுவை செய்து விரித்துக்கொடுத்தார். 1929ல் அந்த அம்மாவைச் சாட்சி சொல்ல மேடையேற்றியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

உங்கள் கடிதத்தில் அந்த டிரே வரியில்தான் நான் வெகுநேரம் நின்றேன். ஜெபம் வராத ராத்திரியிலும் நாளை ஒருத்தி வருவாள், அவளுக்குச் சுத்தமான கத்தரிக்கோல் வேண்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். விசுவாசம் இல்லாதவள் இதைச் செய்யமாட்டாள் என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ நல்ல நர்சுகள் செய்கிறார்கள். ஆனால் உங்களை அழைத்தவர் உங்களை விட்டுவிடவில்லை என்பதற்கு எனக்கு அது போதும். உங்களுக்கு இன்று போதவில்லை என்றால் பரவாயில்லை. 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று 13ஆம் சங்கீதம் கேட்கிறது. 88ஆம் சங்கீதமோ ஆறுதலே இல்லாமல் முடிகிறது. இரண்டையும் சபை பாடி வந்திருக்கிறது. ஜெபம் வராவிட்டால் அவற்றை வாசியுங்கள்.

இந்த ஞாயிறு சாட்சி வேண்டாம். எனக்காக ஜெபியுங்கள் என்று மட்டும் சபையில் கேளுங்கள், அல்லது அதுவும் வேண்டாம். போதகரிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் அம்மாவைப் பேசச் சொல்லுங்கள். திரும்பிப் போவதா வேண்டாமா என்பதை மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, முடிவு வந்த பிறகு பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா